ஈசலுக்கு இரவல் சிறகு

அந்தக் காலத்தில், கறையானும் பாம்பும் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருந்த நாளில், மலையடிவாரத்துச் செம்மண் காட்டில் செம்மாயி என்றொரு கறையான் குடியிருந்தாள். ஆள் என்னவோ அரிசி அளவுதான். அவள் பரம்பரையே எச்சில் குழைத்துக் கட்டிய புற்றோ பாதிப் பனை உயரம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

அந்த வருஷம் செம்மாயிக்குத் தலைக்கு மேல் கவலை. வீடு நிறையக் கல்யாண வயதுப் பெண்பிள்ளைகள். பக்கத்துப் புற்றுகளில் மாப்பிள்ளையும் பேசி முடித்தாயிற்று. ஆனால் கறையான் குலத்தில் தாலி, மேளம் எல்லாம் கிடையாது. பெண்ணும் மாப்பிள்ளையுமாகச் சேர்ந்து ஈர மண்ணில் ஓர் உருண்டை பிடித்து, புது வீட்டுக்கு முதல் மண் வைக்க வேண்டும். அதுதான் கல்யாணம். ஈர மண்ணுக்கு எங்கே போவது? வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

எல்லாம் வறண்டாசுரன் செய்த வேலை. முன்பு அவனும் சாட்டைக்கம்பு பருமனில் இருந்த பாம்புதான். ஒரு நாள் ஆசைக்கு ஒரு மேகத்தை விழுங்கினான். ருசி பிடித்துப்போய், ஆறு, குளம், ஊற்று என்று ஒன்று விடாமல் உறிஞ்சி, குன்று மாதிரி வீங்கிப்போனான். தாகத்துக்கா என்றால் அதுவும் இல்லை. தன்னிடம் இருக்க வேண்டும், அடுத்தவனிடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்திரன் யானை மேல் ஏறி வந்து வஜ்ராயுதத்தை வீசிப் பார்த்தார். அது அவன் வயிற்றில் பட்டுத் தொம்மென்று திரும்பி வந்தது. அன்றைக்கு யானையை விட இந்திரன்தான் வேகமாக ஓடினார் என்று கேள்வி.

ஆனால் வெயிலுக்கு இந்திரனும் ஒன்றுதான், அசுரனும் ஒன்றுதான். மேகத்தை விழுங்கியவன் நிழலையும் சேர்த்து விழுங்கிவிட்டான். மரமெல்லாம் மொட்டையாகி, பாறையெல்லாம் பழுத்துக் கிடக்க, வறண்டாசுரன் வயிறு வெந்து புரண்டுகொண்டே செம்மாயி வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

"ஏய், யாரங்கே? உள்ளேயிருந்து குளிர்ந்த காத்து வருதே, என்ன இது?"

செம்மாயியின் புருஷன் மண்ணாண்டி நடுங்கிப்போனான். "ஏளா, வாயத் தொறக்காத. வாசல அடச்சிரு."

செம்மாயி வாயை மூடிப் பழகியவள் இல்லை. "வீடுதான் அண்ணாச்சி. வாங்க, வந்து கொஞ்ச நேரம் கண்ணசருங்க."

"இடிச்சுக்கிட்டு வரட்டுமா?"

"இடிச்சா குளிர்ச்சி எங்க நிக்கும்? வாசல் வழியா வாங்க அண்ணாச்சி. நாங்க கொஞ்சம் அகலமா வெட்டித் தாரோம்."

வெட்டிக் கொடுத்தார்கள். தலை உள்ளே போனது. கழுத்தும் போனது. குளிர்ச்சி முகத்தில் பட்டதும் அசுரன், "அடடா!" என்று கண்ணை மூடினான். வயிறு மட்டும் வாசலில் சிக்கிக்கொண்டது.

மண்ணாண்டி அவள் காதருகே வந்தான். "ஏளா, இவன் உள்ள வந்துட்டா நாம எங்க போறது? பாட்டன் பூட்டன் கட்டின வீடு."

செம்மாயி சுவரை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். அந்தச் சுவரில் அவள் வைத்த மண்ணும் இருந்தது. "வீடு போனா கட்டிக்கிடலாம். மழை வராட்டா எதக் கொழச்சுக் கட்டுவீங்க? பிள்ளைகள நெனச்சுப் பாருங்க" என்றாள். பிறகு குரலை உயர்த்தி, "அண்ணாச்சி, மூட்டையோட யாராவது வீட்டுக்குள்ள வருவாங்களா? வெளிய எறக்கி வச்சிட்டு வாங்களேன். தூங்கி எந்திரிச்சு எடுத்துக்கிடலாம்" என்றாள்.

அசுரன் யோசித்தான். தலையை வெளியே இழுத்தான். வெயில் சுள்ளென்று அறைந்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை. ஒரு மேகத்தைக் கக்கினான். போதவில்லை. இன்னொன்று. அப்புறம் ஆறு, குளம், ஊற்று. கக்கக் கக்க இளைத்து, பழையபடி சாட்டைக்கம்பு ஆனதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுருண்டான். அடுத்த மூச்சில் குறட்டை.

மேகங்கள் விட்டால் போதும் என்று வானத்தில் ஏறின. மலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த இந்திரன் அதைப் பார்த்ததும் ஓடி வந்து, வஜ்ராயுதத்தைச் சுழற்றி இடி முழக்கினார். வெற்றி தன்னுடையது என்று நினைத்தாரோ என்னவோ. நினைத்துவிட்டுப் போகட்டும், மழை கொட்டியதே! அசுரன் விழித்துப் பார்த்தபோது மேகம் எட்டாத உயரத்தில் இருந்தது. சரி, வீடாவது மிஞ்சியதே என்று மறுபடியும் சுருண்டுகொண்டான். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் இன்றைக்கும் கறையானுக்காக இரக்கப்படுகிறோம். வாசலை அகலமாக வெட்டிக் கொடுத்ததே அவள்தான் என்று யாருக்குத் தெரிகிறது?

வெளியே ஈர மண் மணத்தது. ஆனால் காடெல்லாம் வெள்ளம். புற்றைப் பாம்புக்கு விட்டுவிட்டு வந்த செம்மாயி குடும்பம் ஒரு கல் மேல் தொற்றிக்கொண்டு நின்றது. இந்திரன் இறங்கி வந்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "அம்மா, என்ன வரம் வேண்டும்?" என்றார்.

"சாமி, மாப்பிள்ளைகளப் பாக்கணும், மேட்டுல ஈர மண்ணு தேடணும். பிள்ளைகளுக்கு நடந்து போக வழியில்ல. பறக்கிறதுக்கு ஏதாவது குடுங்க."

"என்றைக்கும் வைத்துக்கொள்ளட்டும், தருகிறேன்."

"ஐயோ, வேண்டாம் சாமி! சிறகோட மண்ணுக்குள்ள புகுந்து வேலை செய்ய முடியுமா? கல்யாணத்துக்கு இரவல் நகை வாங்குவோம்லா, அது மாதிரி குடுங்க. இடம் கெடச்சதும் வாசல்லயே கழட்டி வச்சிருவாங்க."

இந்திரன் சிரித்துவிட்டார். மழைத்துளியின் மேல் படர்ந்திருந்த பளபளப்பை உரித்து, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்குமாக ஆளுக்கு நாலு சிறகு ஒட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டு எழும்பின. பக்கத்துப் புற்றுகளிலிருந்து மாப்பிள்ளைகளும் எழும்பினார்கள். காட்டுக்கு மேலே ஒரே கல்யாணக் கூட்டம். மண்ணாண்டி அழுதுகொண்டே சிரித்தான். செம்மாயி கல் மேல் நின்று, "நேரமாச்சு, எறங்கி மண்ணப் பிடிங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அன்று முதல்தான், முதல் மழை விட்டதும் ஈசல்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் பறக்கின்றன. ஆடி முடித்த கையோடு இரவல் சிறகை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, ஜோடி ஜோடியாக ஈர மண்ணுக்குள் இறங்கி வீடு கட்டத் தொடங்குகின்றன.