பொங்கியண்ணன் சங்கத்துல சேரப் போன கதை

காங்கேயத்துல மாட்டுத்தீவனக் கடை வெச்சிருக்கற பொங்கியண்ணனுக்குத் திடீர்னு ஊருக்குச் சேவை செய்யணும்னு ஆசை வந்துருச்சு. பெரிய மனசுதான், இல்லீங்களா? விசயம் என்னன்னா, மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுப் பத்திரிகையில ஆளாளுக்குப் பேருக்குக் கீழ ஒரு பதவி போட்டிருந்தாங்க. ஒருத்தர் மாவட்டத் தலைவர், ஒருத்தர் மண்டலச் செயலாளர். மாப்பிள்ளையோட சித்தப்பா வெறும் ஆலோசகர்தான், அவருக்கே ரெண்டு வரி. பொங்கியண்ணன் பேருக்குக் கீழ தவிடு, புண்ணாக்குன்னா போட முடியும்? அவரு பத்திரிகை மறுநாள் காலையில அச்சுக்குப் போகணும்.

சாயங்காலமே வெள்ளைச் சட்டையை மாட்டிக்கிட்டு 'வாரி வழங்குவோம் சேவைச் சங்க'த்துக்குக் கிளம்பிட்டாரு. அங்க ஆளெடுக்க மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க. தலைவர் மகுடபதி, கல்யாண மண்டபம் வெச்சிருக்கறவரு. செயலாளர் செல்வநாயகி, பல் டாக்டர். பொருளாளர் ராக்கியப்பன், பெயிண்ட் கடைக்காரரு.

"இதுக்கு முன்னால ஏதாச்சும் சேவை செஞ்சிருக்கீங்களா?"ன்னு தலைவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாரு.

இல்லைன்னு சொன்னா வெளிய அனுப்பிருவாங்கன்னு பொங்கியண்ணனுக்குப் பயம். வாயைத் தொறந்தாரு, அவ்வளவுதான்.

"ரத்ததானம் குடுத்திருக்கனுங்க. குத்துன ஊசி குத்துனபடி இருக்குது, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. பையெல்லாம் தீந்துபோயி, நர்சம்மா பால் சொசைட்டிக்கு ஓடிப் போயி கேன் வாங்கியாந்து புடிச்சாங்க."

"ஒரு ஆளு ஒடம்புல அவ்வளவு ரத்தமே இருக்காதுங்களே"ன்னாங்க டாக்டரம்மா.

"அது உங்க புஸ்தகத்துல போட்டிருக்கற ஆளுக்குங்க. நான் எருமப்பால் குடிச்சு வளந்தவன். இன்னிக்கும் நான் ஒரு பச்சமொளகாயைக் கடிச்சா, என்ற ரத்தம் ஏத்துன அத்தன பேருக்கும் கண்ணுல தண்ணி வந்துருது. ஜில்லாவே மூக்கை உறிஞ்சும்."

ராக்கியப்பன் சிரிப்பை அடக்கிக்கிட்டு, "நிதி வசூல் பண்ணிப் பழக்கம் உண்டுங்களா?"ன்னாரு.

"அதை ஏனுங்க கேக்கறீங்க. ஒருக்கா உண்டியலைத் தூக்கிட்டு வீடு வீடாப் போனனுங்க. என்ற பேச்சைக் கேட்டு உருகிப்போயி, சனங்க தோட்டை, மூக்குத்தியைக் கழட்டிப் போட்டாங்க. சாயங்காலம் பாத்தா ஊரே ஓட்டாண்டி. அப்பறம் அவிங்களுக்கு வசூல் பண்ணப் பக்கத்து ஊருக்குப் போனேன். அந்த ஊரும் அப்படியே ஆயிருச்சு. தாராபுரம் போயிச் சேந்தப்பறம்தான் ஒருவழியா நிறுத்துனேன்."

"யாரையாச்சும் ஆள் விட்டுப் பண்ணுனீங்களா?"ன்னாரு ராக்கியப்பன்.

"நானேதானுங்க. வேகாத வெயில்ல, நடந்தே."

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. சிரிப்பைக் காணோம். நம்பலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுப் பொங்கியண்ணன் இன்னும் ஒரு படி ஏறுனாரு.

"கண் முகாம் நடத்தி இலவசமாக் கண்ணாடி குடுத்தனுங்க. ஒரு பாட்டியம்மா போட்டுப் பாத்துட்டு, பழனியில மக வீட்டு அடுப்புல பால் பொங்கறதைப் பாத்துருச்சு. உடனே போன் போட்டு, 'அடுப்பை அமத்து புள்ள'ன்னு சத்தம் போட்டுச்சு."

"இதுக்கெல்லாம் காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?" தலைவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால நகர்த்திக்கிட்டுக் கேட்டாரு.

"கோழி எந்திரிக்கறதுக்கு முன்னாலயே. நாந்தான் போயிக் கோழியை எழுப்பி விடுவேன். ஏரி தூர் வாருனப்ப மூணு நாள் மண்வெட்டியைக் கீழ வைக்கலீங்க. மண்ணை அள்ளி அள்ளிக் கரையில போட்டதுல ஒரு மலையே எந்திரிச்சுருச்சு. இப்ப அதுமேல முருகன் கோயில் கட்டி, கிருத்திகைக்குக் கிருத்திகை கூட்டம் அம்முது. நம்ம சங்கத்துலயும் அப்படி விடியக்காலையில எல்லாரும் மண்வெட்டியோட எறங்கிறலாமுங்க."

தலைவர் சட்டுன்னு எந்திரிச்சாரு. பீரோவைத் தொறந்து ஒரு பொன்னாடையை எடுத்தாந்து பொங்கியண்ணன் தோள்ல போத்தி, கை ரெண்டையும் கூப்புனாரு. இந்த மாதிரிச் சங்கத்துல பொன்னாடை விழுந்துட்டா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். எந்தக் கொம்பனா இருந்தாலும் எந்திரிச்சுப் போயிறணும்.

"உங்களை மாதிரி மகானைச் சேத்துக்கற தகுதி எங்க சங்கத்துக்கு இல்லீங்க. போயிட்டு வாங்க."

பொங்கியண்ணனுக்குக் கல்யாணப் பத்திரிகையில தன் பேர் மட்டும் மொட்டையா நிக்கறது கண்ணு முன்னால வந்துருச்சு. அழுகையே வந்துரும்போல இருந்துச்சு. இத்தனை வருசமா அவிழ்த்துவிட்ட புளுகுல ஒண்ணைக்கூட அவரு திருப்பி வாங்குனதில்லை. அன்னிக்கு வாங்குனாரு.

"ஏனுங்க, அத்தனையும் புளுகுங்க. புள்ள கல்யாணப் பத்திரிகையில போடறதுக்கு ஒரு பதவி வேணும்னுதான் வந்தேன்."

"ரத்ததானம்?"ன்னாங்க டாக்டரம்மா.

"ஊசியைப் பாத்தாலே மயக்கம் வந்துருமுங்க."

"மண்வெட்டி?"ன்னாரு ராக்கியப்பன்.

"கடையில விக்கறதுக்குத்தான் வெச்சிருக்கறேன். கை பட்டதில்லீங்க."

"நெசமா நீங்க ஒரு சேவையும் செஞ்சதில்ல?" தலைவர் கிட்ட வந்து கேட்டாரு.

"என்ற புள்ள மேல சத்தியமா ஒண்ணுமே செஞ்சதில்லீங்க."

மூணு பேருக்கும் அப்பத்தான் போன உசுரு திரும்பி வந்துச்சு. தலைவர் நெத்தி வேர்வையைத் தொடச்சுக்கிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாரு.

"அட, இதை மொதல்லயே சொல்றதில்லீங்களா? எங்களையும் வேலை வாங்கிருவீங்களோன்னு பயந்தே போயிட்டோம். உக்காருங்க, துணைத் தலைவரே."