ரெண்டாவது சுண்டைக்காய்

தேர்த் திருவிழாவுக்கு மகளோடு வந்த புது இன்ஸ்பெக்டர், விளையாட்டு மூங்கில் துப்பாக்கி விற்ற அஞ்சலையின் கூடையைப் பிடுங்கிக்கொண்டார்.

"துப்பாக்கி விக்க லைசென்ஸ் எங்கே?"

"ஐயாவே சுட்டுப் பாருங்க. வெடிச்சா நான் ஸ்டேஷனுக்கு வரேன்."

அவர் குழலில் ஒரு சுண்டைக்காயைப் போட்டுக் குச்சியால் தள்ளினார். காய் சத்தமில்லாமல் உருண்டு விழுந்தது. கூட்டம் சிரித்தது.

மகளுக்கோ பொறுக்கவில்லை. "அப்பா, ரெண்டு காய் போடணும்! நடுவுல காத்து அடைபட்டாத்தான் வெடிக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அம்மா நேத்தே ஒண்ணு வாங்கித் தந்தாங்களே!"

அஞ்சலை பவ்யமாகக் கைகட்டினாள். "ஸ்டேஷனுக்கு வரேங்க ஐயா. போற வழியில உங்க வீட்டம்மாவையும் கூட்டிக்கலாமா?"

இன்ஸ்பெக்டர் கூடையை இறக்கி வைத்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மகள் முன்னால் குந்தினார்.

"இன்னொரு காயை எந்தப் பக்கம் போடணும், கண்ணு?"