செவப்புச் சிலுவை

ஊட்டிக்குப் போயி ரெண்டு ஸ்வெட்டர் மாட்டியும் பல்லு தந்தியடிச்ச பயலுகதானடா நீங்க? உங்ககிட்டப் போயி ஆல்ப்ஸ் மலைக் கதை சொல்றேன் பாரு, என்னச் சொல்லணும். சரி, போர்வையப் போத்திக்கிட்டுக் கேளுங்க.

அந்த மலையில முப்பது வீட்டு ஊரு. ஊருக்கு ஒரு குட்டிச் சர்ச்சு. முந்நூறு வருஷம் முன்னாடி, பனிச்சரிவுல தப்பிச்சவங்க கட்டினது. சர்ச்சுக்குள்ள, வீட்டுக்கு ஒண்ணுன்னு மரப்பலகையில வரைஞ்ச படம். குடும்பமே வரிசையா முட்டி போட்டிருக்கும். யாராச்சும் செத்தா, படத்துல அந்த ஆளு தலைக்கு மேல சின்னதா ஒரு செவப்புச் சிலுவை வரைவாங்க.

வரையிற கை ஃப்ளோரின்கிற கெழவரோடது. அவருக்குச் சீடன் வெண்டல். பாலாடைக்கட்டி செய்யிற வேலைய நாப்பது வயசுல விட்டுட்டு பிரஷ்ஷத் தூக்கினவன்.

ஒரு வருஷம் மறுபடி பனி சரிஞ்சுது. யோஸ்ட்டுன்னு ஒருத்தன் ஆட்டுக் கொட்டாயோட புதைஞ்சுட்டான். ஊரே தோண்டுச்சு. நாலாம் நாளு, கை ரெண்டும் வீங்கிப்போயி வெண்டல் சர்ச்சுக்கு வந்தான். கிண்ணத்துல செவப்பக் குழைச்சான்.

"யாருக்குப்பா?"ன்னாரு ஃப்ளோரின்.

"யோஸ்ட்டுக்கு, ஐயா. அவன் பொண்டாட்டி ரெகுலா, அவளே வரையச் சொல்லிட்டா."

"ஏன் சொன்னா?"

"சிலுவை விழுந்தாத்தான ஊரு தோண்டுறத நிறுத்தும்? எங்க கையப் பாத்துப் பாத்து அழுவுறா. ஐயா, அவன் குறட்டையே மூணு வீடு தாண்டிக் கேக்கும். உசுரோட இருந்தா சத்தம் வராதா?"

கெழவரு சிரிக்கல. கிண்ணத்த வாங்கி, வாசல்ல பனியில கவுத்தாரு. அப்புறம் மூலையில இருந்த ஒரு பலகையக் காட்டினாரு. அதுல ஒரு வாலிபன். அவன் தலைக்கு மேல இருந்த சிலுவைய, மரம் தெரியிற அளவுக்கு யாரோ சொரண்டியிருந்தாங்க.

"இவன் சாகலையா, ஐயா?"

"செத்தான். இவனும் கொட்டாயோடதான் புதைஞ்சான். நாலாம் நாளு சிலுவை விழுந்துச்சு. ஊரு மண்வெட்டியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போச்சு. பனி உருகினப்பதான் பாத்தோம். பால் மொள்ளுற கரண்டியால உள்ளேர்ந்து பதினோரு அடி தோண்டியிருந்தான். நாங்க தோண்டின சத்தம் வந்த பக்கமா. இன்னும் மூணே அடி."

வெண்டல் அந்தச் சொரண்டின எடத்தத் தொட்டுப் பாத்தான்.

"அப்பவும்... பொண்டாட்டிதான் வரையச் சொன்னாளா?"

"அவனுக்குக் கல்யாணமே ஆகல. என் தம்பி அவன்."

"அப்ப யாரு சொன்னா?"

கெழவரு மண்வெட்டிய எடுத்து அவன் கையில திணிச்சாரு.

"யாரும் சொல்லல. எனக்குக் குளிருச்சு. வரைஞ்சேன்."