கிணற்றில் குளிர்ந்த ஒயின்

பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பிய லூர்துநாதர், செலஸ்தேனுக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருவதாகச் சொல்லியனுப்பினார். சிவப்பு ஒயின் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காதாம். மாதமோ மே.

செலஸ்தேன் ஒயினை மாதா கோயில் பூசையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. சித்தப்பா மகன்கள் அமலோரையும் சவரியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனான். மூவரில் அறிவாளி அவன்தான். மற்ற இருவரையும் பார்த்தால் அது பெருமைப்படும் விஷயமில்லை என்பது அவனுக்கே தெரியும்.

கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: “வெயிலுக்கு எது ஒத்துக்கும்னு பாத்து எடுங்க. கிணத்துத் தண்ணி மாதிரி லேசா குளிர்ந்திருக்கணும். ஒயின்ல ஐஸ் மட்டும் போட்டுடாதீங்க.”

மூன்று பாட்டில் வாங்கி வந்து மொட்டை மாடியில் உச்சி வெயிலில் நிறுத்தினார்கள். எதிரே மூவரும் உட்கார்ந்து, எதற்கு வெயில் ஒத்துக்கொள்கிறது என்று உற்றுப் பார்த்தார்கள்.

“நடுவுல இருக்கறதுக்கு வேர்க்கவே இல்லண்ணே,” என்றான் சவரி.

“மத்த ரெண்டுக்கும் வேர்க்குதா?” என்றான் செலஸ்தேன், தன் வேர்வையைத் துடைத்தபடி.

“அதுங்களுக்கும் வேர்க்கல. ஆனா நடுவுல இருக்கறது நம்மளப் பாத்துப் பரிதாபப்படுது.”

நடு பாட்டிலே தேர்வானது; மற்ற இரண்டும் தேறவில்லை என்று வெயிலிலேயே விடப்பட்டன. அதைக் கயிற்றில் கட்டிக் கொல்லைக் கிணற்றில் இறக்கினார்கள். கோடையில் இடுப்பளவுதான் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பு.

“ஒயின்லதானே ஐஸ் போடக் கூடாது? கிணத்துல போடுவோம்!” என்றான் செலஸ்தேன். தன் மூளையை நினைத்து அவனுக்கே புல்லரித்தது. மீன் மார்க்கெட்டிலிருந்து வண்டி நிறைய ஐஸ் பாளம் வந்தது. முதல் பாளம் விழுந்ததுமே கயிறு அறுந்து பாட்டில் முழுகிப்போனது. மீதிப் பாளங்களையும் உள்ளே தள்ளினார்கள்.

வாசலில் லூர்துநாதர் வந்து நின்றார். செலஸ்தேன் கையில் அறுந்த கயிறுதான் இருந்தது. கல்யாணம் கைநழுவியது என்றே முடிவுகட்டினான்.

“ஒயின் எங்க தம்பி?”

“கிணத்துல குளிருது மாமா. மேல வர மாட்டேங்குது.”

அமலோர் நிதானமாகக் கேட்டான்: “அது வராட்டி என்ன? மாமா கீழ போகலாமே?”

வெயிலில் நடந்து வந்த லூர்துநாதர் யோசித்துப் பார்த்தார். அதில் தப்பேதும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றினார். ஊஞ்சல் பலகையில் உட்கார வைத்து மெல்ல இறக்கினார்கள். கார்க் திருகி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து குரல் வந்தது: “ஆகா! பொண்ணு உனக்குத்தான் மாப்பிள்ளை. ஆனா நான் மேல வர மாட்டேன். தாலிய இங்கயே வந்து கட்டு!”

செலஸ்தேன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துச் சந்தோஷமாகக் கும்பிட்டான்.

“பொண்ணையும் சாமியாரையும் இறக்கிடலாம்ணே,” என்று கவலைப்பட்டான் சவரி. “பேண்டு செட்டு எப்படி உள்ள கொள்ளும்?”

செலஸ்தேன் கிணற்றைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

“மாமா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. மண்டபத்தப் பெரிசு பண்ணப் போறோம்.”