எண்பத்து நான்கு மண்டபங்களும் மூன்று எழுத்தும்

தூத்துக்குடியில், கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகம். அங்கே குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தொன்று.

குரு ஷர்மிளா. சீடர் சேர்மத்துரை. உப்பளத்தில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று கிளம்பினார். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் பிடிபடாது.

மென்பொருளுக்குப் பத்தொன்பது வயது. எண்பத்து நான்கு மண்டபங்களில் ஓடுகிறது. திங்கட்கிழமை அதன் புதுப் பதிப்பு போகிறது. அதற்குள் செத்துப்போன பழைய செட்டிங்குகளைக் கழித்துக் கட்டவேண்டும். சேர்மத்துரையின் முதல் தனி வேலை அது. சொதப்பினால், "இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்று கேட்டவர்கள் அத்தனை பேரும் ஜெயித்துவிடுவார்கள்.

அறுபத்தொன்றில் அறுபதை முடிவு பண்ணியாயிற்று. ஒன்றுதான் மிச்சம். ஆங்கிலத்தில் ஏ, டி, ஐ என்று மூன்றே எழுத்து.

"இதை எடுத்துரவா டீச்சர்?"

"அது என்ன செய்யுது அண்ணாச்சி?"

"பேருலயே இருக்கே. அடி. மண்டபம் நீளம் எத்தனை அடி, அகலம் எத்தனை அடி. இப்ப எவன் அடிக்கணக்கு கேக்கான்? எத்தனை பேர் உக்காந்து சாப்பிடலாம்னுதான் கேக்கான்."

"அது செய்யுறதைப் பாத்தீங்களா?"

சேர்மத்துரை தலையைச் சொறிந்தார். "உள்ள அந்தப் பேரு முப்பது இடத்துல முடிச்சு முடிச்சாக் கெடக்கு. எழுதின மனுசனும் இப்ப உயிரோட இல்ல."

ஷர்மிளா கொஞ்சம் யோசித்தாள்.

"நாளைக்கு ஒரே ஒரு மண்டபத்துல மட்டும் அதை அணைச்சு வைங்க. சாயங்காலம் வரைக்கும் அங்கயே உக்காருங்க."

"உக்காந்து?"

"உக்காருங்க அண்ணாச்சி."

மறுநாள் காலை சேர்மத்துரை பொன்மாரி மஹாலுக்குப் போனார். மேனேஜர் சண்முகையா ஃபேன் போட்டு நாற்காலி கொடுத்தார். செட்டிங்கை அணைத்தார்கள். மண்டபத்தின் அளவு காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

பதினொரு மணிக்கு சேர்மத்துரை போன் போட்டார். குரலில் கொஞ்சம் மிதப்பு. "ஒண்ணும் ஆகல டீச்சர். செத்த பாம்புதான். தூக்கிருதேன்."

"சாயங்காலம் வரைக்கும்னு சொன்னேன்லா?"

வைத்துவிட்டாள். சேர்மத்துரைக்குக் கடுப்பு. மகள் வயசுப் பெண் நம்மை வெட்டியாக உட்காரவைக்கிறாளே என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தார்.

மூன்று மணிக்கு ஒரு அம்மாள் படியேறி வந்தாள். சண்முகையா பார்த்ததுமே கையை விரித்தார்.

"ஜெசிந்தாம்மா, எத்தனை தடவைதான் வருவீங்க? ஜூலைக் கடைசி ஃபுல்லா நிரம்பிட்டு."

"நாலாவது மண்டபம்யா இது. எங்க போனாலும் நிரம்பிட்டு, நிரம்பிட்டுங்கான். மாப்பிள்ளைக்குக் கப்பல்ல வேலை. லீவு ஜூலை பதினெட்டுல இருந்து பன்னிரண்டு நாள். அதை விட்டா அடுத்த வருசம். என் மவ அழுதுட்டுக் கெடக்கா. இன்னொருக்கா பாரும்யா."

"பாத்தா மட்டும்..." என்றபடி சண்முகையா நாட்காட்டியைத் திறந்தார். திறந்தவர் வாயை மூடவில்லை.

ஜூலை பதினேழு முதல் ஆகஸ்ட் பதினாறு வரை, நேற்றுவரை சிவப்பாக இருந்த முப்பத்தொரு நாளும் பச்சையாக இருந்தது.

சேர்மத்துரை எழுந்தே விட்டார். பதினேழு முதல் பதினாறு. விரல் விட்டு ஒருமுறை எண்ணினார்.

"அடி இல்லய்யா அது! ஆடி! ஆடி மாசம்!"

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அதை எழுதிய மனிதர், ஆடியில் யார் கல்யாணம் வைக்கப்போகிறார்கள் என்று அந்த மாதத்தையே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"அந்த மாசம் மண்டபம் சும்மாத்தானே கெடந்திருக்கும்? உமக்குத் தெரியலயா?" என்று சண்முகையாவைப் பிடித்தார்.

"கெடந்துச்சு. யாரோ எடுத்துட்டு, அப்புறம் ஆடின்னு தெரிஞ்சு வராமப் போயிட்டாவன்னு நினைச்சேன். வருசா வருசம் அப்படித்தான் நினைச்சேன்."

ஜெசிந்தாம்மாளுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். "எங்க சர்ச்சுல ஆடியெல்லாம் பாக்கமாட்டாவ. இருபத்தி மூணாம் தேதி இருக்கா, அதைச் சொல்லும்!"

"இருக்கும்மா!" என்று கத்தினார் சேர்மத்துரை.

அவள் அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் அந்தப் பெண் கூச்சல் போட்டது சேர்மத்துரைக்குக் கேட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உப்பளத்தில் முப்பது வருடம் வேலை பார்த்திருக்கிறார், ஒரு நாளும் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

மறுநாள் மற்ற எண்பத்து மூன்று மண்டபங்களுக்கும் அவரே போன் போட்டார். "உங்க மண்டபத்துல ஆடி மாசத்தைப் பூட்டவா, திறக்கவா?" முக்கால்வாசிப் பேர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "இத்தனை நாளா பூட்டியா இருந்துச்சு?" பதினோரு பேர் மட்டும், வெள்ளையடிக்க அந்த மாதம் வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தேதிகளை மராமத்து என்று பெயர் போட்டு நாட்காட்டியில் அடைத்தார். மற்றவர்களுக்கு ஆடி திறந்தது.

திங்கட்கிழமை காலை, ஷர்மிளா பக்கத்தில் நிற்க, அந்த மூன்று எழுத்தை முப்பது இடத்திலிருந்தும் சேர்மத்துரையே எடுத்தார். புதுப் பதிப்பு போயிற்று. அலுவலகமே கைதட்டியது. மதியத்துக்குள் நான்கு ஊர்களில் ஆடிக் கல்யாணங்கள் பதிவாகிவிட்டன.

ஆரவாரம் அடங்கியதும் சேர்மத்துரை மெல்லக் கேட்டார்.

"ஒரு சந்தேகம் டீச்சர். அது ஆடின்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும், என்னா?"

"தெரியாது அண்ணாச்சி. நானும் அடின்னுதான் நினைச்சேன்."

"அப்புறம் எதுக்கு என்னைய அங்க போய் உக்காரச் சொன்னீங்க?"

"நானும் அடின்னு நினைச்சேன்லா, அதுக்குத்தான்."