எண்பத்திரண்டு நகல்களும் ஒரு குடம் வெந்நீரும்

இரண்டு ராஜ்யங்களைச் சேர்த்தால் ஒரு ராஜ்யம் கிடைக்கும். இரண்டு ஓலைச்சாவடிகளைச் சேர்த்தால் மூன்று கிடைக்கும். இதைப் புரிந்துகொள்ள மன்னர் மாறவேளுக்கு ஏழு மாதங்களும் ஒரு எண்ணெய்க் குளியலும் தேவைப்பட்டன.

மேற்கோட்டை அவருடைய சொந்த நாடு. கீழ்க்கோட்டை, மகனில்லாத மாமனார் விட்டுப்போனது. இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே அரண்மனைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். உடனே ஓலை எழுதுவதில் தகராறு வந்தது. மேற்கோட்டையில் ஓலையின் மேல் ஆளின் பெயரை எழுதுவார்கள். ஆள் செத்துப்போனால் ஓலை அவன் வீட்டுக்குப் போகும். மனைவி அதை வைத்து அடுப்பு மூட்டுவாள். கீழ்க்கோட்டையில் பதவியின் பெயரை எழுதுவார்கள். பதவியில் ஆளே இல்லாவிட்டாலும் ஓலை காலி ஆசனத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

“இரண்டு நாட்டுக்கும் பொதுவாக ஓர் ஏற்பாடு செய்யுங்கள்” என்றார் மன்னர்.

மேற்கோட்டையில் அரச ஓலைகளுக்குத் தலைவரான ஓலைநாயகம் வேட்டுவராயர். கீழ்க்கோட்டை ஓலைநாயகம் சேந்தனார். இருவரும் ஏழு மாதம் யோசித்தார்கள். யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். இனி ஓலையில் பெயரும் இருக்கும், பதவியும் இருக்கும். இருவர் முத்திரையும் விழுந்த பிறகுதான் காரியம் நடக்கும். வந்த வரிசைப்படிதான் முத்திரை விழும். யார் மனமும் புண்படாதிருக்க, அரசரும் அதிகாரிகளுமாக எண்பத்திரண்டு பேருக்கும் நகல் மட்டும் உடனே போய்விடும். கடைசியாக ஒரு விதி: யாரும் யாரிடமும் வாயால் எதையும் கேட்கக் கூடாது. வாயால் கேட்டதைச் செய்பவனுக்கு முப்பது கசையடி. அரசரும் இதற்கு விலக்கல்ல.

மன்னர் பூரித்துப்போய்க் கையெழுத்திட்டார்.

அடுத்த புதன்கிழமை ஏரிக்காவலர் கொற்றன் சபைக்கு ஓடி வந்தார்.

“மகாராஜா, பெரிய ஏரிக் கரை வாய் பிளக்குது. இன்னொரு மழைக்குத் தாங்காது. கீழே மூணு ஊர் இருக்கு. நாற்பது ஆள் கொடுங்க, அடைச்சிடுறேன்.”

“வாயால் கேட்கிறான்!” என்று அலறினார் வேட்டுவராயர்.

“எழுதிக் கொடும்” என்றார் சேந்தனார்.

கொற்றன் எழுதிக் கொடுத்தார். எண்பத்திரண்டு நகல்கள் பறந்தன. கரை உடையப்போவது அன்றைக்கே எண்பத்திரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. எல்லாரும் “கண்டேன்” என்று பதில் எழுதினார்கள். ஒருவரும் மண்வெட்டி எடுக்கவில்லை.

சபையில் காரிநம்பி என்றொருவர் இருந்தார். வாயை அடக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்தவர். அவர் எழுந்தார். “அரசே, ஓலை முத்திரைக்குக் காத்திருக்கும். தண்ணீர் காத்திருக்குமா?”

“ஏழு மாத உழைப்பு, நம்பி!” மன்னர் சீறினார். “இந்த ஏற்பாட்டைப் பற்றி இன்னொரு குறை சொன்னால் உமக்கு இந்த நாட்டில் இடமில்லை.”

நம்பி உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு குறையே சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் குளியலறைக்குப் போய், வெந்நீர்க்காரர் ஆண்டியப்பனுக்கு அந்தக் கடைசி விதியை நிதானமாக இரண்டு முறை வாசித்துக் காட்டினார். அவ்வளவுதான். வெளியே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

மன்னர் வந்து பலகையில் அமர்ந்தார். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். அது வழிந்து கண்ணுக்குள் இறங்கியது.

“ஆண்டியப்பா, வெந்நீர்!”

ஆண்டியப்பன் அசையவில்லை.

“காதில் விழவில்லையா? கண் எரிகிறது!”

“விழுந்துச்சு சாமி. ஆனா வாயால கேட்டதைச் செஞ்சா எனக்கு முப்பது அடி. முதுகு ஒண்ணுதான் இருக்கு.”

மன்னர் பல்லைக் கடித்தார். அருகில் நின்ற நம்பி, கேட்காமலே ஓலை எடுத்து எழுதினார். ஓலை போனது. பதில் எழுதுவதற்கு முத்திரை தேவையில்லை என்பதால் பதில்கள் மட்டும் கூடை கூடையாக வந்தன.

“என்ன எழுதியிருக்கிறார்கள்? எனக்குக் கண் தெரியவில்லை. படியும்!”

“யானைப்பாகர் தலைவர்: ‘வெந்நீர் பற்றி அறிந்து மகிழ்ந்தேன்.’ கோட்டை வாயில் அதிகாரி: ‘இது என் துறை அல்ல.’ உப்பளத்து அதிகாரி: ‘இதை எனக்கு ஏன் அனுப்பினீர்கள்?’ தேர்ப்படைத் தலைவர்: ‘எல்லாருக்கும் நகல் அனுப்பும் வழக்கத்தை நிறுத்தவும்.’ இதை அவர் எல்லாருக்கும் நகல் அனுப்பியிருக்கிறார்.”

“வெந்நீர் எங்கே?”

“வரிசையில் இருக்கிறது. தங்கள் ஓலைக்கு முன்னால் முந்நூற்றுப் பதினாறு வாழ்த்து ஓலைகள். எல்லாம் இந்தப் புதிய ஏற்பாட்டைப் பாராட்டி வந்தவை.”

“அவற்றைக் கொளுத்துங்கள்!”

“கொளுத்தலாம். ஆனால் அவை போனாலும் தங்கள் ஓலைக்கு முன்னால் இன்னும் ஒன்று நிற்கிறது. பெரிய ஏரிக் கரை ஓலை. அது நகர்ந்தால்தான் வெந்நீர்.”

“ஆட்களை இப்போதே அனுப்பித் தொலையுங்கள்!”

“வாயால் சொல்கிறீர்களே, அரசே. விதி?”

“விதியும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். எல்லாம் ரத்து! கிளம்பும்!”

நம்பி வெளியே ஓடினார். ஆண்டியப்பன் அண்டாவைச் சாய்த்தார். கண்ணிலிருந்த எண்ணெய் போனதும் மன்னருக்குப் பலதும் தெளிவாகத் தெரிந்தது. மூன்று நாளாக அந்த ஏரி ஓலையின் நகல் தன் படுக்கையருகே கிடந்ததும் நினைவுக்கு வந்தது.

நம்பி திரும்பி வந்தபோது மன்னரின் குரல் இறங்கியிருந்தது. “ஆட்கள் கிளம்பிவிட்டார்களா?”

“முப்பத்தெட்டுப் பேர் கிளம்பிவிட்டார்கள், அரசே.”

“கொற்றன் நாற்பது பேர் அல்லவா கேட்டான்?”

“மற்ற இருவரும் முத்திரைகளைக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மண்வெட்டி பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே.”

மன்னர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த செம்பு விழுந்து உருண்டது. மோதிரத்தைக் கழற்றி நம்பியிடம் கொடுத்தார். எண்ணெய்க் கை என்பதால் அது சுலபமாக வந்தது.

மாலையில் மழை கொட்டியது. கரை நின்றது. ஓலைநாயகங்கள் இருவரும் இடுப்பளவு சேற்றில் நின்றார்கள்.