கயிற்றுக்கா, பெட்டிக்கா?

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் ஜெசிந்தா. ஒவ்வொரு மே மாதமும் ஊர் நூலகத்தின் மாடியில் பிள்ளைகளுக்குக் கதை எழுதும் முகாம் நடத்துவார்.

சீடரின் பெயர் தணிகாசலம். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு சிறுவர்களுக்கென்று இருபத்திரண்டு கதைகள் எழுதினார். பேரப்பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினார். மூன்றாவது கதையின்போது பெரியவன் தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வரவில்லை. சின்னவன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

அதனால் முகாமுக்கு வந்தார்.

"எனக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடும்மா" என்றார்.

"சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாதுங்க ஐயா. பத்து நாள் கூட இருங்க. பசை காய்ச்சத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வேலை இருக்கு."

முதல் நாள் பதினெட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கொரு செருப்புப் பெட்டிக்கு வண்ணத்தாள் ஒட்டினார்கள். மூடியில் பெயர் எழுதினார்கள். தணிகாசலம் பசை காய்ச்சிக் கொடுத்தார். ஜெசிந்தா ஒரு கொடிக்கயிற்றை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கட்டி, துணி கிளிப்புகளை வரிசையாக மாட்டினார்.

"எழுதினது எழுதினவங்களோடது" என்றார் பிள்ளைகளிடம். "எல்லாரும் படிக்கட்டும்னு தோணினா கயித்துல மாட்டுங்க. வேண்டாம்னு தோணினா பெட்டியில போடுங்க. பெட்டிய நானும் திறக்க மாட்டேன்."

இன்பராஜ் என்ற பையன் கையைத் தூக்கினான். "கயித்துல மாட்டினா மார்க் உண்டாக்கா?"

"இல்ல."

"பெட்டியில போட்டா?"

"அதுக்கும் இல்ல."

"அப்புறம் எதுக்குக்கா எழுதணும்?"

"எனக்கும் சரியாத் தெரியல. பத்து நாளைக்குள்ள நீ கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு."

அன்று மாலை பாய்களைச் சுருட்டும்போது தணிகாசலம் கேட்டார். "பெட்டியில போடுறத யாரும்மா திருத்துறது?"

"யாரும் இல்லங்க ஐயா."

"தப்பும் தவறுமா இருந்தா?"

"இருக்கட்டும்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான்காம் நாள் ஜெசிந்தா கொடுத்த பயிற்சி இது: உங்கள் வீட்டில் இருக்கிற ஒரு பொருள் பேசுகிறது. அது என்ன சொல்லும்?

மிக்சி பேசியது. மின்விசிறி பேசியது. டிவி ரிமோட் தன்னை எல்லோரும் அடிப்பதாக அழுதது. இன்பராஜின் வீட்டுச் செருப்பு, அவனுடைய அண்ணன் அவசரமாகத் தேடும் நேரம் பார்த்துக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு சிரித்தது. எல்லாம் கயிற்றுக்குப் போயின. பிள்ளைகள் அண்ணாந்து படித்துவிட்டு ஒருவரை ஒருவர் கேலி செய்தார்கள்.

ஜன்னலோரம் தர்ஷிகா உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. கடைசியாக எழுதி முடித்தவள் அவள்தான். தாளை நான்காக மடித்துப் பெட்டியில் போட்டு மூடினாள்.

அவளுடைய பெட்டியில் ஒரு மூலை பிரிந்திருந்தது. பிள்ளைகள் போன பிறகு தணிகாசலம் அதை ஒட்டுவதற்காக எடுத்தார். பெட்டியைக் கவிழ்த்தபோது தாள் விழுந்து விரிந்தது. மடித்து உள்ளே வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

பதினொரு வரிகள். ஒரு வீட்டின் தாழ்ப்பாள் பேசுகிறது. பொழுது சாய்ந்தால் தன் காதில் என்னென்ன விழும் என்று சொல்கிறது.

தாழ்ப்பாள் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை. அந்தப் பிள்ளை அதைப் பெட்டியில்தான் போட்டிருந்தாள்.

தணிகாசலம் நின்றபடி ஒருமுறை படித்தார். உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். எத்தனையோ ஆயிரம் கட்டுரைகள் அவர் கையைக் கடந்து போயிருக்கின்றன. இப்படி ஒன்று வந்ததில்லை. தாளில் எழுத்துப் பிழைகள் இருந்தன. அவர் கண்ணில் ஒன்றும் படவில்லை.

மறுநாள் காலை பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா கீழே குடிதண்ணீர் கேன் வாங்கப் போயிருந்தார். தணிகாசலத்தால் பொறுக்க முடியவில்லை.

"பிள்ளைகளா, ஒண்ணு வாசிக்கிறேன் கேளுங்க. எழுதினா இப்படி எழுதணும். யாரு எழுதினதுன்னு சொல்ல மாட்டேன்."

வாசித்தார். அவர் வாசிப்பை நம்பி அந்தக் காலத்தில் பள்ளி ஆண்டு விழாக்களே நடந்திருக்கின்றன. ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நன்றாகவே வாசித்தார்.

ஏழாவது வரியை மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லோரும் அதைக் கேட்டுவிட்டார்கள். 'என் ஆணி கழன்று போனதால் அம்மா என்னைப் பச்சைச் சேலைத் துணியால் கட்டி வைத்திருக்கிறார்.'

வாசித்து முடித்ததும் இன்பராஜ் சொன்னான். அவன் குரலில் கேலி இல்லை. தெரிந்த விடையைச் சொல்வது போலச் சொன்னான்.

"இது தர்ஷிகா வீடு சார். எங்க தெருவுல அவங்க கதவுலதான் பச்சைத் துணி கட்டியிருக்கும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது.

தர்ஷிகா எழுந்து வந்தாள். கையை நீட்டினாள். அவர் தாளைக் கொடுத்தார்.

"பாராட்டத்தானேம்மா வாசிச்சேன்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

தண்ணீர் கேனோடு வந்த ஜெசிந்தாவிடம் பிள்ளைகள் நடந்ததைச் சொன்னார்கள். அன்று மாலை அவர் தர்ஷிகாவின் வீட்டுக்குப் போனார். மறுநாள் தணிகாசலத்திடம் சொன்னார்.

"அவங்க அம்மாகிட்டப் பேசினேன். யார் யார் உதவி வேணுமோ, கேட்டிருக்கேன். அதை நான் பாத்துக்கிறேன்."

"நல்லதாப் போச்சும்மா" என்றார் தணிகாசலம் வேகமாக. "நான் வாசிக்கலேன்னா இது வெளியில தெரிஞ்சே இருக்காது."

"தெரிஞ்சதும் என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாங்க ஐயா. எனக்கு ஒருத்திக்குச் சொல்லியிருந்தாப் போதும்."

அவர் பசைக் கிண்ணத்தைக் கிளறத் தொடங்கினார்.

"அந்தப் பச்சைத் துணிய அவிழ்த்துட்டாங்க" என்றார் ஜெசிந்தா. "தெருவுல போறவங்க வர்றவங்க கதவையே பாக்குறாங்களாம்."

"அப்ப தாழ்ப்பாள்?"

"கார்பெண்டர் இன்னைக்குப் போவார்."

தர்ஷிகா முகாமுக்கு வருவதை நிறுத்தவில்லை. எழுதுவதையும் நிறுத்தவில்லை. முதல் ஆளாக எழுதி முடித்தாள். முதல் ஆளாகக் கயிற்றில் மாட்டினாள். 'பட்டாம்பூச்சி அழகானது. அதற்குச் சிறகுகள் உண்டு. பூவும் அழகானது. பட்டாம்பூச்சி பூவில் தேன் குடிக்கும்.' மறுநாள் பசு பால் கொடுத்தது. மயில் தோகை விரித்தது. கையெழுத்து அச்சுப் போல இருந்தது. ஒரு பிழை இல்லை.

பெட்டியை நூல் போட்டுச் சுற்றிக் கட்டிவிட்டிருந்தாள்.

தணிகாசலம் கயிற்றின் கீழே நின்று பட்டாம்பூச்சியைப் படித்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளாக இப்படிப்பட்ட கட்டுரைகளுக்குத்தான் அவர் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்.

ஏழாம் நாள் ஜெசிந்தாவிடம் போனார்.

"அந்தப் பிள்ளைய மறுபடியும் எழுத வைக்க நான் என்ன செய்யணும், டீச்சர்?"

அவரை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை.

ஜெசிந்தா அலமாரியைத் திறந்தார். மீதமிருந்த செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"உங்களுக்குப் பெட்டி இல்லையேங்க ஐயா."

தணிகாசலம் பெட்டிக்கு வண்ணத்தாள் ஒட்டினார். மூடியில் பெயர் எழுதினார். பழைய பழக்கத்தில் பெயருக்குப் பின்னால் பட்டங்களையும் எழுதப் போய், நிறுத்திக்கொண்டார்.

"என்ன எழுதட்டும்?"

"நாலாம் நாள் கொடுத்ததுதான். வீட்டுல இருக்கிற ஒரு பொருள் பேசுது."

அரைமணி நேரத்தில் எழுதி வந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி பேசியது. உலகத்தைத் தெளிவாகப் பார்க்கும்படி மாணவர்களுக்கு அறிவுரை சொன்னது. ஜெசிந்தா படித்தார்.

"கயித்துல மாட்டுங்க ஐயா."

"நல்லா இருக்கா?"

"பெட்டியில போடுற மாதிரி இதுல ஒண்ணும் இல்ல."

அவர் அதைக் கொண்டுபோய்ப் பட்டாம்பூச்சிக்குப் பக்கத்தில் மாட்டினார். நாலடி தள்ளி நின்று பார்த்தார். இரண்டும் ஒன்று போலவே இருந்தன.

எட்டாம் நாள் அவர் பசை காய்ச்சவில்லை. மாடிப்படியில் தனியாகப் போய் உட்கார்ந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். பதினொரு மணித் தேநீரைப் பிள்ளைகள் கொண்டுபோய் வைத்தார்கள். அது ஆறி ஆடை படிந்தது. சாப்பாட்டு மணி அடித்தும் வரவில்லை.

"தாத்தா சாருக்கு என்னக்கா?" என்று கேட்டான் இன்பராஜ்.

"எழுதுறார்."

"இவ்வளவு நேரமாவா?"

"அவர் நம்ம கூட இப்பத்தான சேந்திருக்கார்."

அந்தத் தாளில் எந்தப் பொருள் பேசியது, என்ன பேசியது என்பதையும் இங்கே எழுதுவதற்கில்லை. அது அவருடைய மனைவிக்குத் தெரியாது. மகனுக்கும் தெரியாது. அதுவரை யாருக்குமே தெரியாது.

பிற்பகலில் தாளை மடித்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் வந்தார். நீட்டினார். ஜெசிந்தா வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாங்க ஐயா."

"பின்ன யாருக்கு?"

"ஒரு பிள்ளையோட ரகசியம் உங்ககிட்ட இருக்கு. உங்களோடது அந்தப் பிள்ளைகிட்ட இல்லையே."

ஒன்பதாம் நாள் காலை அவர் ஜன்னலோரம் போய் நின்றார்.

"தர்ஷிகா."

"சார்."

"இது நான் எழுதினது. என் பெட்டியில இருந்தது. நீ படிக்கலாம்."

அவள் தாளைப் பார்த்தாள். தொடவில்லை.

"படிச்சிட்டு?"

"உன் இஷ்டம்."

"எல்லாருக்கும் வாசிக்கலாமா?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"வாசிக்கலாம்" என்றார்.

அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். பிரிக்கவில்லை.

பத்தாம் நாள் பெற்றோர்கள் வந்தார்கள். நாற்காலிகள் போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். அவர்களில் பலர் தணிகாசலத்தின் மாணவர்கள். எழுந்து வணக்கம் சொன்னார்கள். இரண்டாம் வரிசையில் அவருடைய மகன் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தான். கடைசி வரிசையில் தர்ஷிகாவின் அம்மா.

ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் வந்து, தான் விரும்பிய ஒன்றை வாசிக்க வேண்டும். இன்பராஜ் செருப்பை வாசித்தான். கூட்டம் சிரித்தது. அவனுடைய அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தர்ஷிகா" என்று கூப்பிட்டார் ஜெசிந்தா.

அவள் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். தாளின் வெளிப்பக்கத்தில் அச்சடித்த எழுத்துகள் தெரிந்தன. பழைய வினாத்தாள்.

தணிகாசலத்தின் கை நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியது.

அவள் தாளைப் பிரித்தாள். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

எழுந்து போய் அதை வாங்கிவிடலாம். ஏதோ தாள் மாறிவிட்டது என்று சொல்லிவிடலாம். பெரியவர் சொன்னால் நம்புவார்கள். அவர் கைப்பிடியை விட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

தர்ஷிகா தாளைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள்.

"பட்டாம்பூச்சி அழகானது."

அவள் கண்கள் அவருடைய கையெழுத்தின் மேல் வரி வரியாக நகர்ந்தன.

"அதற்குச் சிறகுகள் உண்டு. பூவும் அழகானது."

நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். தாளின் கடைசி வரிக்குப் பார்வை வந்ததும் பட்டாம்பூச்சி தேன் குடித்து முடித்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் அம்மா தட்டினார். தணிகாசலத்தின் மகனும் தட்டினான்.

அவள் தாளை மறுபடி நான்காக மடித்தாள். நேராக அவரிடம் வந்தாள்.

"உங்க பெட்டியில போட்டுக்கங்க தாத்தா சார்."

அவர் வாங்கிக்கொண்டார்.

"படிச்சியாம்மா?"

"ம். ரெண்டு இடத்துல பிழை இருக்கு சார்."

"திருத்தினியா?"

"இல்ல" என்றாள்.

மாலையில் பிள்ளைகள் தங்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தர்ஷிகா தன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மாவோடு படியிறங்கினாள். பெட்டியைச் சுற்றி நூல் அப்படியே இருந்தது. உள்ளே ஒரு தாள் இருந்ததோ, பல தாள்கள் இருந்தனவோ, வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

தணிகாசலம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். பிறகு உள்ளே வந்து, ஜெசிந்தாவோடு சேர்ந்து கயிற்றை அவிழ்த்தார். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். மறுமுனையிலிருந்து ஜெசிந்தா சுற்றிக்கொண்டே வந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க ஐயா."

"அந்தப் பிள்ளை இனிமே எழுதுவாளா?"

ஜெசிந்தா கடைசிக் கிளிப்பைக் கழற்றி டப்பாவில் போட்டார்.

"எழுதினா, அது நமக்குத் தெரியணுமாங்க ஐயா?"